காலி நிலம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவைப் பார்க்கப் பட்டணத்துக்குப் போயிருந்தேன். அம்மா குடியிருப்பது ஐந்து மாடி மலிவு விலை அடுக்குமாடியில், நாலாவது மாடி வீட்டில். மின்தூக்கி கிடையாது. படியில் கால் வைக்கும்போதே கீழ்த்தளச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. நகராண்மைக் கழகத்தின் அறிவிப்பு. கட்டடத்தின் பின்புறம் உள்ள 'தானா கோசோங்' கார் நிறுத்துமிடமாக மாற்றப்படும் என்றும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் மலாய் மொழியில் எழுதியிருந்தது.

மேலே போனேன். அம்மா எனக்காகவே காத்திருந்தார். "கீழே என்னமோ ஒட்டியிருக்கானுங்களே, படிச்சியா தம்பி? என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"பின்னாலே இருக்கிற காலி நிலத்திலே கார் நிறுத்த இடம் கட்டப் போறாங்களாம்மா" என்றேன்.

அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தார். "காலி நிலமா? அப்படீன்னா அங்கே நிக்கிற முருங்கை என்ன, பேயா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், அந்தச் சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

தோட்டத்திலே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு லயத்துக் கொல்லையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. லயம் எவ்வளவு பழசாக இருந்தாலும், கூரைத் தகரம் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, வேலியோரம் ஊபிக் கிழங்கு, பந்தலில் அவரையோ புடலையோ, குழாயடி ஈரத்தில் கங்கோங் கீரை. பால்மரம் வெட்டிவிட்டு வந்த அலுப்போடு அப்பா அங்கேதான் மண்வெட்டி பிடிப்பார். மாதக் கடைசியில் கடைக் கணக்கு முட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது அந்தத் துண்டு நிலம்தான்.

1974ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பசுமைப் புத்தகத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். விலைவாசி ஏறியிருந்த காலம் அது. அம்மா அதைப் பற்றிச் சொல்லும்போது, "நமக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்துச்சா என்ன? நாம சொல்லாமலே போட்டோம்" என்பார்.

1999இல் எங்கள் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. எங்களுக்கு இந்த அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. வீடு கிடைத்ததே பெரிது என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தோம். மண்ணும் எங்களோடு வராது என்பது வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் வாரம் அம்மா கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்து, "இலைக்குக் காசு கொடுத்தேன் தம்பி" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓராண்டு வரை பெயிண்ட் வாளிகளிலும் பால்மாவு டின்களிலும் அம்மா செடி வைத்தார். ஒரு நாள் சுகாதார அதிகாரி வந்து, வாளிக்கு அடியில் வைத்திருந்த தட்டில் கொசுப்புழு நெளிவதைக் காட்டினார். ஏடிஸ் கொசு! அபராதச் சீட்டு எழுதாமல் எச்சரிக்கையோடு விட்டார். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. அன்று தொட்டு அந்தத் தட்டுகளில் மணலை நிரப்பிவிட்டார். தண்ணீர் தேங்க வழியில்லை. செடி வளர்ப்பவர்கள் எல்லாரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் பச்சை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலாகப் போய்விடக் கூடாது.

அடுத்த ஆண்டு அம்மா கீழே இறங்கினார். கட்டடத்துக்கும் பெரிய கால்வாய்க்கும் இடையில் இருபது அடி அகலம், தொண்ணூறு அடி நீளத்தில் ஒரு நிலம் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. உடைந்த நாற்காலியும் பழைய மெத்தையும் கொண்டுவந்து போடும் இடம். அம்மாவும், முதல் மாடி மலாய்க்கார மூதாட்டியும், இரண்டாம் மாடிச் சீனப் பெரியவரும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்தார்கள். மூவருக்கும் ஒரு பொதுமொழி கிடையாது. அம்மாவின் மலாய் பசார் மலாய். சீனப் பெரியவரின் மலாய் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும், எந்த விதை எப்போது போடுவது என்பதில் அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. செராயும் பண்டானும் ஒரு பக்கம், சாவியும் வெங்காயத் தாளும் ஒரு பக்கம், முருங்கையும் கத்தரியும் ஒரு பக்கம். நடுவில் ஒரு மாமரம். அது அப்பா வைத்த கன்று. அவர் அதன் காயைச் சாப்பிடக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த இடத்துக்குத்தான் நகராண்மைக் கழகத்தின் தாளில் 'காலி நிலம்' என்று பெயர்.

வாசகர்கள் அவசரப்பட்டு நகராண்மைக் கழகத்தைத் திட்டிவிட வேண்டாம். கார் நிறுத்த அங்கே இடமில்லை என்பதும் உண்மையே. இந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் அதிகம். இன்று வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது. ஒரு முறை மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, இரட்டை வரிசையாக நின்ற கார்களைத் தாண்டி அம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சடக்குக்கு ஓடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அம்மாவும் ஒருவர். ஆகவே, கார் நிறுத்துமிடம் வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கே வாய் வரவில்லை.

அன்றிரவு படுக்கையில் புரண்டுகொண்டே யோசித்தேன். கார் நிறுத்துமிடத்தின் பயனைக் கணக்கிட முடிகிறது. இத்தனை கார், இத்தனை வெள்ளி என்று காகிதத்தில் எழுதலாம். தோட்டத்தின் பயனை அப்படி யாரும் எழுதவில்லை. கணக்கில் எழுதாத ஒன்று பூச்சியமாகிவிடுகிறது. பூச்சியத்தோடு எதைப் போட்டியிட விட்டாலும் அது வென்றுதானே தீரும்? அப்படியானால் அந்தக் கணக்கை நாமே எழுதினால் என்ன?

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய பள்ளி எங்களுடையது. ஐந்தாம் ஆண்டில் மொத்தம் ஒன்பது பேர். இரண்டு பக்கமும் மூடி வெட்டிய பால்மாவு டின்களை எடுத்துக்கொண்டோம். ஒன்றைப் பள்ளித் தோட்டத்துப் பாத்தியில் அழுத்திப் பதித்தோம். மற்றொன்றைப் பிள்ளைகள் ஓடி ஓடி இறுகிப்போன திடலில் பதித்தோம். மூன்றாவதைப் பள்ளி வாசல் தார் சடக்கின்மேல் வைத்து அடியைக் களிமண்ணால் அடைத்தோம். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். பாத்தியில் ஊற்றிய தண்ணீர், கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் மறைந்தது. திடலில் ஊற்றியது ஒரு பாடவேளை முடிந்தும் பாதி நின்றது. தார் சடக்கில் ஊற்றியது அப்படியே இருந்தது.

"சார், மண்ணு குடிச்சிருச்சு!" என்றான் ஒரு பையன். அவன் சொன்னதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க முடியாது. இலைதழையும் சாணியும் போட்டுக் கிளறிய மண்ணில், மண்புழுவும் வேரும் ஆயிரம் துளை போட்டு வைத்திருக்கின்றன. அத்துளைகள் வழியாக நீர் இறங்குகிறது. இறுகிய மண்ணில் அந்தத் துளைகள் இல்லை.

பிறகு கரும்பலகையில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இதை மாணவர்கள் நன்கு அறிவார்கள். அம்மாவின் தோட்டம் 1,800 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 167 சதுர மீட்டர். நம் நாட்டில் மாலை நேர இடிமழை ஒன்று ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போவது அரிதன்று. அப்படிப் பெய்தால் அந்நிலத்தின்மேல் விழும் நீர் 8,300 லிட்டருக்கு மேல். 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயில் பிடித்தால் நாற்பது பீப்பாய் நிரம்பும்! அதில் பாதியை மண் குடித்தால்கூட இருபது பீப்பாய். அதே இடத்தில் தார் போட்டால் அநேகமாக நாற்பது பீப்பாயும் அந்த நொடியே கால்வாய்க்குப் போகும். அந்தக் கால்வாய்தான் ஒவ்வோர் ஆண்டும் நிரம்பிக் கீழ்த்தள வீடுகளுக்குள் வருகிறது.

ஒரு துண்டுத் தோட்டம் வெள்ளத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை வரை நீர் ஏறியதை நாம் மறக்கவில்லை. அது நாள் கணக்கில் விடாமல் பெய்த மழை, பெருகிய ஆறு. அம்மாவின் மாமரம் அதற்கு என்ன செய்யும்? ஆனால், ஒவ்வொரு மாலையும் வந்து போகும் சாதாரண மழைக்கு, ஊர் முழுக்க இப்படி நூறு துண்டு நிலங்கள் இருந்தால் கால்வாய்க்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சிறு துளி பெருவெள்ளம் என்கிறோமே, அந்தச் சிறு துளியை வழியிலேயே நிறுத்தி வைக்கும் வேலையைத்தான் மண் செய்கிறது.

அடுத்தது வெயில். நண்பகலில் பள்ளி வாசல் தாரில் செருப்பில்லாமல் நிற்க முடிகிறதா பார்ப்போம் என்றேன். பத்து எண்ணுவதற்குள் எல்லாரும் குதித்துவிட்டார்கள். மரத்தடி மண்ணில் எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம். தாரும் சிமெண்டும் பகல் முழுதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் அதைத் திருப்பிக் கக்குகின்றன. ஊருக்கு வெளியே இருப்பதைவிட நகரத்துக்குள் இரவிலும் புழுங்குவதற்கு இது முக்கியமான காரணம். மரம் நிழல் தருவதோடு நிற்பதில்லை. வேரில் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கி விடுகிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே மரத்தைச் சுற்றிய காற்றும் குளிர்கிறது. நாலாவது மாடிச் சன்னலைத் திறந்தால் பின்பக்கத்திலிருந்து மட்டும் கொஞ்சம் காற்று வரும் என்று அம்மா சொல்வது வெறும் பிரமை அன்று.

மூன்றாவது குப்பை. 2012இல் நாடு தழுவிய அளவில் எடுத்த ஓர் ஆய்வில், நம் வீடுகளிலிருந்து போகும் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு என்று கண்டார்கள். அதை லோரியில் ஏற்றிப் போய்க் குழியில் கொட்டுவதற்குப் பணம் செலவாகிறது. குழிக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அம்மாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் காய்த் தோலையும் மீன் செதிலையும் கீழே கொண்டுபோய்ப் புதைத்து எருவாக்குகிறார்கள். குப்பை லோரிக்கு அந்த மூன்று வீட்டிலிருந்து பாதிச் சுமைதான்.

நான்காவது, ஒரு பெண் பிள்ளை சொன்னது: "சார், தேன்சிட்டு வரும் சார். பெரிய கறுப்பு வண்டு வரும்." ஆம், அவரைப் பூவுக்கு வரும் அந்தக் கறுத்த வண்டும் ஒரு தேனீ வகைதான். அது மகரந்தம் சுமக்காவிட்டால் பல காய்கள் நமக்கு இல்லை. நகரத்தில் அதற்குத் தங்க ஓர் இடம் வேண்டும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பறந்து போகும் தூரத்தில் இன்னோர் இடம் வேண்டும். பெரிய பூங்கா ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்படிக் கணக்குப் போடுவது வாத்தியாரின் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். உலகத்தின் பெரிய நகரங்கள் இதைச் செய்கின்றன. நியூயார்க் நகரத்தில் சடக்கோர மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏறத்தாழ 5,92,000 மரங்கள். அவை தரும் நிழல், பிடித்து வைக்கும் மழைநீர், சுத்தப்படுத்தும் காற்று என எல்லாவற்றுக்கும் விலை போட்டு 2007இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 12 கோடியே 20 இலட்சம் டாலர்! மரத்துக்காகச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஐந்து டாலருக்கு மேல் திரும்பி வருகிறது என்று கண்டார்கள். அதன் பிறகு மரம் வெட்ட வருபவனிடம், 'நீ வெட்டுவது இத்தனை டாலர்' என்று சொல்ல முடிகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். கையகல நாடு, நிலத்தின் விலையோ வானத்தைத் தொடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் 1967ஆம் ஆண்டிலேயே 'தோட்ட நகரம்' என்று திட்டமிட்டார்கள். 2005ஆம் ஆண்டில் குடியிருப்பு வட்டாரங்களில் மக்களே சேர்ந்து போடும் சமூகத் தோட்டங்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். பீஷானில் சிமெண்டுக் கால்வாயாக நேர்கோட்டில் ஓடிய காலாங் ஆற்றின் ஒரு பகுதியை உடைத்து, வளைந்து நெளிந்து புல்வெளி நடுவே ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை இல்லாத நாளில் மக்கள் கரையில் உலாவுகிறார்கள். மழை பெய்தால் அந்தப் புல்வெளியே நீருக்கு இடம் கொடுக்கிறது. பசுமையை அங்கே அலங்காரமாக நினைக்கவில்லை. கால்வாயைப் போல, மின்சாரத்தைப் போல ஊருக்கு வேண்டிய ஒரு வசதியாக நினைத்தார்கள்.

நம் நாட்டிலும் புத்ராஜெயா இருக்கிறது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பசுமைக்கு ஒதுக்கிய நிர்வாகத் தலைநகரம். ஏரிக்கு வரும் நீரை நாணலும் கோரையும் வடிகட்டித் தரும்படி சுமார் 200 எக்டரில் ஈரநிலம் அமைத்தார்கள். ஆனால், அது எந்த மண் என்று நம்மவர்களுக்குத் தெரியும். பழைய பால்மரம் வெட்டிகள் 'பிபி 86' என்ற மரத்தை மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் 'பிபி' என்பது பிராங் பெசார் தோட்டத்தின் முதல் எழுத்துகள். அந்தப் பிராங் பெசாரும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும்தான் இன்றைய புத்ராஜெயா. அங்கே வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தோட்டம் தோட்ட நகரமாயிற்று; தோட்டத்து மக்களோ கொல்லை இல்லாத மாடிக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவில் வானுயர்ந்த ஆடம்பர அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பசுமைக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆனால், அந்தப் பூங்காவின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் இருந்தவர்கள் யார்? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் பழைய தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1980களில் 'தற்காலிகமாக' அங்கே வைக்கப்பட்ட சுமார் நூறு குடும்பங்கள். அந்தத் திட்டத்திலேயே அவர்களுக்கும் ஒரு கட்டடம் சேர்க்கப்பட்டிருந்தது. பூங்காவா, ஏழைக்கு வீடா என்று இரண்டையும் ஒரே தராசில் எதிரெதிராக நிறுத்திவிட்டார்கள். இதுதான் எனக்கு வருத்தம். பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டையும் முதலிலேயே வரைபடத்தில் எழுதியிருந்தால் இரண்டும் மோத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். மாணவர்கள் போட்ட கணக்கை மலாய் மொழியில் இரண்டு பக்கத்தில் எழுதினேன். மூன்று முதியவர்களும் கையெழுத்திட்டார்கள். அம்மா கையெழுத்துப் போடுமுன் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். தமிழில்தான் போட்டார். பள்ளி விடுமுறை நாளன்று நகராண்மைக் கழகத்தின் நகர அமைப்புப் பிரிவுக்குப் போனேன். ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். பெரிய வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார். வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், பள்ளிக்கு ஒரு நிறம், பூங்காவுக்குப் பச்சை. எங்கள் இடத்தில் நிறமே இல்லை.

"உங்கள் தோட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை, சிக்கு. அது இருப்பதே இந்தக் காகிதத்துக்குத் தெரியாது" என்றார் அவர்.

என் இரண்டு பக்கத்தையும் அவர் பொறுமையாகப் படித்தார். நாற்பது பீப்பாய் என்ற இடத்தில் விரலை வைத்து, "இதை யார் கணக்கிட்டது?" என்று கேட்டார். "ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள்" என்றேன். புன்னகைத்துவிட்டு, "அந்த மாமரத்தின் சுற்றளவு என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் விளக்கினார்: நகர், கிராம அமைப்புச் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்பு விதிகள் சேர்க்கப்பட்டன. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை, சில விதிவிலக்குகள் தவிர, ஊராட்சியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. "நாங்களே வெட்டுவதானாலும் கோப்பில் காரணம் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

திரும்பியதும் அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போனோம். அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். 1.3 மீட்டர். "உங்கப்பா வச்சது சட்டத்துக்குள்ளே இருக்கு" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முழு வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், நடந்ததைத்தானே எழுத வேண்டும்? இருபது அடி அகலத்தில் எட்டு அடி போய்விட்டது. முன்பக்கம் அம்புலன்ஸ் வரும் வழியை ஒழித்துவிட்டு, அங்கே நின்ற கார்களைப் பின்பக்கம் மாற்றுவதற்கு அந்த எட்டு அடியும் தேவைப்பட்டது. மாமரமும் முருங்கையும் மீதிப் பன்னிரண்டு அடியும் நின்றன. தரையில் முழுத் தார் போடாமல், புல் முளைக்கத் துளை விட்ட சிமெண்டுக் கற்களைப் பதித்தார்கள். தோட்டத்துக்கு இனி எழுத்து மூலம் அனுமதி பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தண்ணீர் தேங்கவிடக் கூடாது. சடக்கு ஓரமாகக் கீரை போடக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

ஊபிக் கிழங்குப் பாத்தியும் சீனப் பெரியவரின் சாவிப் பாத்தியும் போயின. இயந்திரம் வந்த அன்று அவர் கீழே இறங்கவே இல்லை. மறுநாள் அம்மா தம் கத்தரிப் பாத்தியில் பாதியை அவருக்குக் காட்டி, "அப்பேக், நீ இங்கே போடு" என்றாராம். இப்போது கத்தரிக்குப் பக்கத்தில் சாவி வளர்கிறது.

"எட்டடி போச்சேன்னு வருத்தமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா, தோட்டத்திலே இருந்தப்போ ஒரு காகிதமும் வராமலே அம்புட்டும் போச்சு. இந்தத் தடவை கேட்டுட்டு எடுத்தானுங்க. நாமளும் பதில் சொன்னோம்" என்றார் அம்மா.

அன்பான வாசகர்களே, நம்மில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் பலர் நாளை வரவேண்டியிருக்கும். உங்கள் ஊரில் நகரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். நீங்கள் கீரை பறிக்கும் இடத்துக்கு, பிள்ளைகள் நிழலில் விளையாடும் இடத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிறமே இல்லை என்றால் அது ஆபத்து. மலாய் எழுதத் தெரியாது என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் போங்கள், எழுதித் தருவோம். அரசாங்க நிலமாக இருந்தால் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். மரத்தின் சுற்றளவை அளந்து வையுங்கள். விழும் மழையைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையால் முடிகிற கணக்குதான் அது.

தோட்டத்தில் இருந்தவரை மண்ணின் மதிப்பு நமக்கு வயிற்றால் தெரிந்திருந்தது. பட்டணத்தில் அதைக் காகிதத்தாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் அம்மா ஒரு முழ நீளத்துக்கு முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "உன் பள்ளிக்கூடத்திலே வை. பிள்ளைங்க பார்க்கட்டும்" என்றார். வைத்திருக்கிறோம். மூன்று இடத்தில் துளிர் விட்டிருக்கிறது. அந்த இடத்தைப் பள்ளி வரைபடத்தில் முதல் வேலையாகப் பச்சை நிறத்தில் குறித்துவிட்டான் ஒரு மாணவன்.